வாடகைப் பறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுதந்திர தின விழாவுக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களை வைத்திருக்கும் ஓர் இல்லம் அது. எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை பையன்கள் ஷாமியானாவுக்குக் கீழே வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கொடி, மிட்டாய், உரைகள். கடைசியில் பத்துப் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு பறை அடித்தார்கள். நான்கு நாள் பயிற்சி என்றார்கள். நான்கு நாளில் அந்த அடி வராது. அவர்களில் இரண்டு பேராவது தெருவிலேயே பறை கேட்டு வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். படம் எடுத்தார்கள். பையன்களின் முகம் வெளியே வரக் கூடாது என்பது சட்டம் என்பதால் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பறைகளை அதில் ஏற்றினார்கள். எல்லாம் வாடகைப் பறைகள். ஒரு பையன் மட்டும் தன் கையிலிருந்ததை உடனே கொடுக்கவில்லை. காய்ச்சிய தோலை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். “டேய், நேரமாச்சு, குடுத்துடு” என்றார் காவலாளி. கொடுத்துவிட்டு உள்ளே போனான். அடுத்த பறை, அநேகமாக, ஜனவரி 26 அன்று வந்திருக்கும்.

சிறைகளுக்குள்ளும் சிறார் இல்லங்களுக்குள்ளும் நடக்கும் கலை முயற்சிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டியானைதான் நினைவுக்கு வருகிறது. உள்ளே கலை வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு நம் ஊரில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரியை நான் பார்த்ததில்லை. குடியரசு தினம், காந்தி ஜெயந்தி, பொங்கல் என்று ஆண்டுக்கு நான்கைந்து முறை மேடை போட்டுவிடுகிறார்கள். என் வருத்தமே அந்த மேடையைப் பற்றியதுதான். விழா இருக்கிறது, வகுப்பு இல்லை.

கொல்கத்தாவின் ஒத்திகை

இந்தியச் சிறைகளில் கலை என்றதும் எல்லோரும் சொல்லும் கதை கொல்கத்தாவினுடையது. அதில் வழக்கமாகச் சொல்லாமல் விடப்படும் ஒரு பகுதிக்காக நானும் அதையே சொல்கிறேன். 2007 மகளிர் தினத்தன்று நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் அங்குள்ள பிரெசிடென்சி சிறைக்கு விருந்தினராகப் போனார். ஆம், அவரும் முதலில் விழாவுக்குத்தான் போனார். மேற்கு வங்கச் சிறைத் துறையை அப்போது கவனித்துவந்த பி.டி.சர்மா, பெண் கைதிகளுக்கு நடனம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். ராய் ஆண்களுக்கும் சொல்லித்தர விரும்பினார். ஆண் கைதிகளோ நடனம் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கினார்கள். எனவே களரி போன்ற போர்க்கலை அசைவுகளிலிருந்தும் நாட்டுப்புற ஆட்டங்களிலிருந்தும் அவர் தொடங்கினார். உடம்பு முதலில் வந்தது, நடனம் என்ற பெயர் பிறகு வந்தது.

அதற்கப்புறம் தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’. 1881-இல், தாகூருக்கு 19 வயதாக இருந்தபோது, ஜோராசங்கோ வீட்டில் அரங்கேறி, அவரே வால்மீகியாக நடித்த இசை நாடகம். கொள்ளைக்காரன் ஒருவன் கவிஞனாகும் கதை. நான் இயக்குநராக இருந்திருந்தால் இந்த நாடகத்தைத் தொட்டிருக்க மாட்டேன். கைதிக்குத் திருந்திய திருடன் வேடத்தைக் கொடுப்பது, ஏழைப் பையனை எழுப்பி நிறுத்தி வறுமை பற்றிய பாடத்தை வாசிக்கச் சொல்வதைப் போன்றது. ஆனாலும் அந்த நாடகம் சிறை மதிலைத் தாண்டியது. கைதிகள் நகர மேடைகளுக்கு வந்தார்கள். ஓடிப்போக வாய்ப்பிருந்தும் அவர்கள் ஓடாததைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வால்மீகியாக நடித்த நைஜல் அக்காரா, அந்தச் சிறையில் எல்லோரும் அஞ்சிய ஆள். 2009-இல் வெளியே வந்தவர், தன்னைப் போல் சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனத்தை நடத்தினார். 2012-இல் வந்த ‘முக்தோதாரா’ என்ற வங்கப் படத்தில் தன் கதையின் சாயல் கொண்ட பாத்திரத்தில் தானே நடித்தார்.

இவ்வளவும் ஊரறிந்தது. சினிமாவுக்கு ஏற்ற கதை என்பதால் எல்லோரும் நைஜலோடு நின்றுவிடுகிறார்கள். வால்மீகிக்குப் பின்னால் நின்ற கும்பலை, பெயர் தெரியாத அந்தக் கொள்ளைக்காரர்களை, யாரும் கேட்பதில்லை. என் கவனம் அவர்கள்மேல்தான். அவர்களுக்குக் கிடைத்தது ஒத்திகை.

ஒத்திகை சிறைக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சிறையில் ஒருவர் தானாக எடுக்கும் முடிவென்று எதுவும் கிடையாது. எழுவது, சாப்பிடுவது, குளிப்பது, பூட்டுக்குள் போவது எல்லாம் மணியடித்து நடக்கும். பத்து ஆண்டு அப்படி இருந்தவர் வெளியே வந்ததும் பேருந்தில் எந்தப் பக்கம் ஏறுவது என்று தடுமாறுவார் என்று விடுதலையானவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒத்திகையில் அவரைப் பார்த்து ஒருவர் கேட்கிறார்: இந்த இடத்தில் நீங்கள் வலது பக்கம் திரும்பலாமா, இடது பக்கமா? சிறிய கேள்விதான். ஆனால் அவருடைய பதிலுக்காகப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவர் பிசகினால் அடுத்தவர் இடித்துக்கொள்வார். அவர் வராவிட்டால் வட்டத்தில் ஓர் ஓட்டை விழும். பக்கத்து பிளாக்கில் பகை உள்ளவனோடு கை கோத்து ஆட வேண்டியிருக்கும். இதெல்லாம் ஒரு நாளில், நான்கு நாளில் நடப்பதல்ல. ராய் திரும்பத் திரும்பப் போனார். கைதிகள் அவரை ‘மா’ என்று கூப்பிடும் அளவுக்குப் போனார்.

கர்நாடகத்திலும் இதற்குச் சான்று உண்டு. மைசூரு ரங்காயணத்தைச் சேர்ந்த ஹுலுகப்பா கட்டீமனி, சிறைக் கைதிகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நாடகம் போட்டவர். அவரும் போய்க்கொண்டே இருந்ததால்தான் அது நடந்தது. கலை மனிதனை மாற்றுகிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோம். என் அனுபவத்தில், அடுத்த வாரமும் வருகிற ஆசிரியர்தான் எதையாவது மாற்றுகிறார்.

தீர்ப்பு வராதவர்கள்

கொல்கத்தாக் கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இத்தகைய நாடகங்களில் பெரும்பாலும் நிற்பவர்கள் தண்டனைக் கைதிகள். நீண்ட காலம் ஒரே இடத்தில் இருக்கப் போகிறவர்கள். ஒத்திகைக்கு அது வசதி. ஆனால் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. இன்று ஜாமீன் வரலாம், நாளை வாய்தா, மறுநாள் வேறு சிறைக்கு மாற்றம். சிறைத் தொழிற்கூடத்திலும் அவர்களுக்கு வேலை கட்டாயமில்லை. ஆக, பகல் முழுவதும் சும்மா இருப்பவர்களும், நாடகத்துக்குச் சேர்க்கப்படாதவர்களும் அவர்கள்தாம்.

சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லங்களில் இது இன்னும் கூர்மையான சிக்கல். அங்கே இருக்கும் பையன்கள் எல்லோருமே விசாரணையில் இருப்பவர்கள். ஒருவன் பத்து நாளில் போய்விடுவான், இன்னொருவன் நான்கு மாதம் இருப்பான். மூன்று மாதம் ஒத்திகை பார்த்து நாடகம் போடும் திட்டம் அங்கே எடுபடாது. அதனால்தான் அதிகாரிகள் நான்கு நாள் பறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1996-இல் அந்நகரத்துச் சிறார் காவல் இல்லத்தில் ‘தி பீட் விதின்’ என்ற எழுத்துப் பட்டறை தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ராப் பாடகர் டூபாக் ஷகூர் சுட்டுக் கொல்லப்பட்டபோது பையன்கள் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று துடித்தார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் சேர்ந்து இதழாயிற்று. பட்டறை வாராவாரம் நடக்கும். ஒவ்வொரு வகுப்பும் அன்றன்றைக்கே முடிந்துவிடும். இன்று வந்தவன் இன்று எழுதுவான். அடுத்த வாரம் அவன் இல்லாவிட்டாலும் அவன் எழுதியது இதழில் வரும். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு ஏற்பாடு: அச்சாகும் ஒவ்வொரு எழுத்தின் கீழேயும் ஆசிரியர் குழு அவனுக்குப் பதில் எழுதுகிறது. நீதிமன்றம், காவல் நிலையம், நன்னடத்தை அலுவலர் என்று எல்லோரும் அவனைப் பற்றி எழுதுகிறார்கள். இங்கே மட்டும்தான் அவனுக்கு எழுதுகிறார்கள்.

நம் பையன்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். எழுதச் சொன்னால் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் என்ன? வடசென்னைப் பையனுக்குக் கானா தெரியும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். செத்தவரின் பெயரை, வேலையை, பிள்ளைகளை, வம்பை எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டில் கோக்கிற கலை அது. மேசையைத் தட்டினால் தாளம் கிடைத்துவிடும். ஒரு மணி நேர வகுப்பில் ஒரு கானா தொடங்கி முடியும். தென் மாவட்டத்துப் பையனுக்கு ஒயிலோ கும்மியோ, மேற்கே போனால் வேறு ஆட்டமோ கைவசம் இருக்கும். இல்லங்களில் இதையெல்லாம் பாட விடுவதில்லை, ‘கெட்ட பாட்டு’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். விழா மேடைக்கு மட்டும் தேசபக்திப் பாட்டு, அதுவும் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் ஓடும், பையன்கள் வாயசைப்பார்கள்.

பறைக்கு வருவோம். பிரிட்டனில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற அமைப்பு 2003 முதல் சிறைகளுக்குள் இந்தோனேசியாவின் காமெலான் வாத்தியக் குழுவைக் கொண்டுபோகிறது. ஏன் காமெலான்? அங்குள்ள கைதிகள் யாரும் அதை முன்பின் கண்டதில்லை. எனவே யாரும் யாரைவிடவும் கெட்டிக்காரர் கிடையாது. தனியாக வாசித்தால் அது இசையாகாது, கூடி அடித்தால்தான் ஆகும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் கடல் தாண்டித் தேடிப் பிடித்த, கூடி அடித்தால்தான் இசையாகும் என்ற குணம் பறைக்கு இயல்பாகவே இருக்கிறது. நாமோ அதை வாடகைக்கு எடுத்து அன்றே திருப்பி அனுப்புகிறோம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 53-ஆம் பிரிவு, இல்லங்களில் தரப்பட வேண்டிய சேவைகளைப் பட்டியலிடுகிறது. கல்வி, தொழிற்பயிற்சி, மனநலம், சட்ட உதவி எல்லாம் தனித்தனியே உண்டு. கலை எங்கே இருக்கிறது? ‘விளையாட்டு, பண்பாட்டு நடவடிக்கைகள் உள்ளிட்ட பொழுதுபோக்கு’ என்ற வரியில். எல்லாக் கோளாறும் அந்தப் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது என்பேன். கல்விக்கு ஆசிரியர் வேண்டும், மனநலத்துக்கு ஆற்றுப்படுத்துநர் வேண்டும். பொழுதுபோக்குக்கு ஒரு கேரம் போர்டும் தொலைக்காட்சிப் பெட்டியும் போதும் என்று நிர்வாகம் நினைப்பதில் வியப்பில்லை.

2022-ஆம் ஆண்டு முடிகிற நேரத்தில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டுக் குற்றச்சாட்டில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதையடுத்து இல்லங்களைச் சீர்திருத்த வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை அரசு நியமித்தது. அடி விழும் இல்லத்தில் ஆட்டம் பாட்டு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. வாரம் இருமுறை வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் உள்ளே வந்துபோகும் இல்லத்தில், ஒரு பையனின் முதுகில் இருக்கும் காயத்தைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் கூடுதலாக இருக்கும். ‘என்னடா, இன்னைக்குக் கை தூக்க முடியலையா?’ என்று கேட்க ஆள் இருக்கும். கலைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. அதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை.

மாட்டைக் கண்டு மிரளும் பிள்ளை

எந்தக் குற்றமும் செய்யாமல், குற்றச்சாட்டுகூட இல்லாமல் சிறையில் இருப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. 2022 முடிவில் 1,537 பெண் கைதிகளோடு 1,764 குழந்தைகள் சிறைகளில் இருந்தார்கள். தாயோடு ஆறு வயது வரை இருக்கலாம். ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் அளித்த தீர்ப்பு, இவர்களுக்கு உணவு, மருத்துவம், காப்பகம், பள்ளி என்று விரிவான வழிகாட்டலைத் தந்தது. அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டிய ஆய்வொன்றில், சிறையிலேயே வளரும் பிள்ளைகள் வெளியே தெருவில் விலங்குகளைக் கண்டு மிரள்வது பற்றியும், பெண்களுக்கு நடுவிலேயே வளரும் ஆண் பிள்ளைகள் பெண்பாலில் பேசுவது பற்றியும் வருகிறது. ‘அம்மா இங்கே வா வா’ என்று சொல்லிக்கொடுத்தால் போதாது. அம்மா பக்கத்திலேயேதான் இருக்கிறாள். நாய், மாடு, ரயில், ஆறு இவைதாம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். படமாகவாவது, பாட்டாகவாவது, களிமண்ணாகவாவது.

அடைபட்ட பிள்ளைகளுக்குக் கலை எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு, மனித வரலாற்றின் மிகக் கொடிய இடத்திலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. நம் சிறைகளை அந்த இடத்தோடு ஒப்பிடுவது தகாது. நான் ஒப்பிடவும் இல்லை. அங்கே வேலை செய்த ஓர் ஆசிரியையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் வியன்னாவில் பிறந்து, பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பயின்ற ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரெசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கையில் எடுத்துப்போக அனுமதிக்கப்பட்ட சொற்பச் சுமையில் அவர் ஓவியப் பொருட்களையும் அடுக்கிக்கொண்டார். முகாமில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். தாள் கிடைக்காதபோது அலுவலகக் கழிவுத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். முகாமில் அவர்களுக்கு எண்தான் இருந்தது. 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிவிட்டார்கள், அங்கே கொல்லப்பட்டார். போவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த படங்கள் ஏறத்தாழ 4,500. அவை இன்று பிராகா யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இல்லை.

அதே தெரெசினில் பிள்ளைகள் நடித்த ‘புருண்டிபார்’ என்ற இசை நாடகமும் நடந்தது. ஹன்ஸ் கிராஸா இசையமைத்தது. 1943 செப்டம்பர் தொடங்கி 55 முறை மேடையேறியது. பிள்ளைகளுக்கு அது உயிராக இருந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது, அவர்களுக்கு நாஜிகள் காட்டியதும் இதே நாடகம்தான். சுவருக்கு வெள்ளையடித்து, பூச்செடி வைத்து, பிள்ளைகளை மேடையேற்றினார்கள். பிரச்சாரப் படத்திலும் சேர்த்தார்கள். அது முடிந்த சில மாதங்களில் நடித்த பிள்ளைகள் பலரும் கிராஸாவும் ஆஷ்விட்ஸுக்குப் போனார்கள்.

ஒரே முகாம், ஒரே பிள்ளைகள், ஒரே கலை. வகுப்பறையில் அது பிள்ளையின் பெயரைக் காத்தது. விருந்தினருக்கு முன்னால் காவலரின் பொய்யைக் காத்தது. விழா மேடை என்றாலே எனக்கு ஏன் சந்தேகம் வருகிறது என்றால் இதனால்தான். விருந்தினர் வரும் நாளில் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பதை வைத்து ஓர் இல்லத்தை எடைபோட்டுவிடக் கூடாது.

நம் பெண்கள் சிறைகளுக்குத் திரும்புவோம். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பிளாக்கில் வயதான பெண்களும் இருக்கிறார்கள். வரதட்சிணை வழக்கில் வந்த மாமியார்கள், சொத்துத் தகராறில் வந்த பெரியம்மாக்கள். தாலாட்டும் விடுகதையும் ஒப்பாரியும் தெரிந்த கடைசித் தலைமுறை அநேகமாக அவர்களாகத்தான் இருக்கும். தையல் கண்ணுக்குத் தெரியாது, சமையற்கட்டில் குனிந்து நிமிர முடியாது என்று வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களைக் கதை சொல்லும் பாட்டிகளாக நியமித்து, மற்றக் கைதிகளின் வேலைக்குப் போல அதற்கும் ஊதியம் கொடுத்தால் என்ன? அதற்கு ஓர் அரசாணை போதும். வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

முதியவர்களின் சேர்ந்திசை

வயதான கைதிகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஸ்டான் சுவாமி இருந்தபோது கொஞ்சம் பேசினோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுடன் வாழ்ந்த அந்தப் பாதிரியார், 83 வயதில் தலோஜா சிறைக்குப் போனார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காக நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், உடனிருக்கும் கைதிகள் தனக்குச் சாப்பிட உதவுவதைச் சொல்லி, அடைபட்ட நிலையிலும் எல்லோரும் சேர்ந்து பாடுவோம் என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்த வரியைப் பலர் உருவகமாகப் படித்தார்கள். நான் அதைக் கோரிக்கையாகவும் படிக்கிறேன்.

சேர்ந்து பாடுவது முதியவர் உடம்பை என்ன செய்யும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மூன்று நகரங்களில் ஏறத்தாழ 300 பேர். சராசரி வயது 80. இவர்கள் கைதிகள் அல்லர், வீட்டில் இருக்கும் முதியவர்கள்தாம். தொழில்முறைக் கலைஞர்களிடம் தொடர்ந்து பாட்டும் ஓவியமும் கற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள், குறைவாகக் கீழே விழுந்தார்கள், குறைவாக மாத்திரை எடுத்தார்கள். சிறை மருத்துவமனைப் படுக்கைக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரி இந்த முடிவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு என்றதும் இன்னொன்று. கலை வகுப்பால் குற்றம் குறைகிறது என்று நிரூபித்தால்தான் பணம் தருவோம் என்பார்கள். கலிஃபோர்னியாவில் 1980-இல் அரசே சிறைக் கலைத் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. அங்குள்ள பேராசிரியர் ஒருவர் 1983-இல் அதை ஆய்வு செய்து, செலவைவிடப் பயன் அதிகம், சிறைக்குள் ஒழுங்குமீறல் குறைகிறது என்று சொன்னார். அப்படியிருந்தும் 2003-இல் நிதியை வெட்டினார்கள். 2010-இல் திட்டமே நின்றுபோனது. 2014-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். நிரூபணம் திட்டத்தைக் காப்பாற்றவில்லை. தவிரவும், வகுப்பில் தானாக வந்து சேர்கிறவர் ஏற்கெனவே மாற நினைப்பவராக இருக்கலாம்; மாற்றத்துக்கு வகுப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கலையின் பேரில் இந்தப் பொய் வாக்குறுதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கணக்குப் பாடம் திருட்டைக் குறைக்குமா என்று கேட்டா பள்ளியில் கணக்கு வைத்தோம்?

பாதிக்கப்பட்டவர்களின் கேள்வி இதைவிடக் கனமானது. என் மகனைக் கொன்றவன் உள்ளே ஆடிப் பாடுகிறானா என்று ஒரு தாய் கேட்டால், அவரிடம் விவாதம் செய்ய எனக்கு வாய் வராது. நீதிமன்றம் விதிப்பது சுதந்திரத்தைப் பறிக்கும் தண்டனை. பறை அடிக்கக் கூடாது என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை என்று சட்டம் பேசலாம். அது அவருக்குச் சமாதானம் ஆகாது. ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தத் தாயை அதிகம் புண்படுத்துவது விழா மேடைதான். கைதட்டல், சால்வை, நாளிதழில் படம், ‘கைதிகள் அசத்தல்’ என்ற தலைப்பு. கதவுக்குள் கூட்டமில்லாமல் நடக்கும் வகுப்பு யாரையும் கொண்டாடுவதில்லை.

யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத விஷயமல்ல. நம் சிறைத் துறை கைதிகளைக் கொண்டு பெட்ரோல் பங்க் நடத்துகிறது, ரொட்டி சுட்டுச் சந்தையில் விற்கிறது. புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டு மக்களிடம் புத்தகம் வாங்கிச் சிறை நூலகத்தில் சேர்த்தது. கலை பண்பாட்டுத் துறையிடம் மாவட்டந்தோறும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. அங்கே பாட்டும் பரதமும் ஓவியமும் சிலம்பமும் சொல்லித்தரும் ஆசிரியர்கள் பகுதிநேர ஊதியத்தில் வேலை செய்கிறார்கள். அந்த மன்றத்தின் ஒரு கிளையைக் கூர்நோக்கு இல்லத்துக்குள் திறக்க எது தடை? இல்லங்கள் ஒரு துறையிடம், மன்றங்கள் வேறு துறையிடம், சிறைகள் மூன்றாவது துறையிடம் இருப்பது மட்டும்தான். மூன்று செயலர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் தீரும்.

அப்படி உட்காரும்போது கவனிக்க வேண்டியவை சில. வகுப்புக்கு வருவதைப் பரிசாகவும் வர விடாததைத் தண்டனையாகவும் ஆக்கக் கூடாது. கலாட்டா செய்த பையனுக்குத்தான் அது அதிகம் தேவை. வார்டர்களையும் நினைக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் இரட்டைப் பணி பார்க்கும் ஒருவரை ஒத்திகைக்குக் காவல் நிற்கச் சொன்னால் அவர் அந்த வகுப்பை வெறுக்காமல் என்ன செய்வார்? முடிந்தால் அவரும் வட்டத்தில் நின்று அடிக்கட்டும். பையன்கள் வரைந்த படத்தை விற்றால் காசு அவர்கள் கணக்கில் சேர வேண்டும். பறைகளைச் சொந்தமாக வாங்கி இல்லத்திலேயே வைக்க வேண்டும். தோல் கிழிந்தால் மாற்றவும் பணம் ஒதுக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் ஆறு மாதத்தில் பத்துப் பறையும் பரணில் கிடக்கும்.

இதை வாசிப்பவர்களில் பறை அடிப்பவர், கூத்துக் கட்டுபவர், கானா பாடுபவர், படம் வரையக் கற்றுக்கொடுப்பவர் இருப்பீர்கள். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆகஸ்ட் 15-ஐக் கேட்காதீர்கள்; அது எப்படியும் கிடைத்துவிடும். வருகிற செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள், அதற்கடுத்த செவ்வாயையும்.